தூசி

காயல்பட்டினத்து மொகுதூம் அனுப்பிய பொட்டலத்தில்
பதினோரு கல்.
மொத்தமாகக் கொட்டினாலும்
ஒரு தாளிப்புக் கடுகுக்குக் காணாது.
ஒவ்வொன்றையும் உள்ளங்கை அகலத்துக்கு
எடுத்துத் தர வேண்டுமாம்.
படம் ஒன்றுக்கு நாற்பது ரூபாய்.

பாளையங்கோட்டை ஞானதுரை கடையில்
நூறு எம்.எம். மேக்ரோ, பழையது,
இருபத்தெட்டாயிரம்.
கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
என் கையிலேயே கொடுத்தார்.
கொடுத்திருக்கக் கூடாது.
வீட்டு வாடகை, ஸ்கூட்டித் தவணை,
அம்மாவின் சுகர் மாத்திரை
எல்லாவற்றையும் மறுதட்டில் வைத்துப் பார்த்தேன்.
லென்ஸ்தான் கனம்.

"அப்போ எக்ஸ்டென்ஷன் டியூப் எடுத்துக்க,
வெறும் குழாய்தான், எண்ணூறு."
உள்ளே கண்ணாடி?
"கிடையாது."
காற்றுக்கா எண்ணூறு?
"தூரத்துக்கு" என்றார்.

தூரமும் வாங்க முடியாமல்
நூற்றைம்பதுக்கு ஒரு தலைகீழ் வளையம்.
கல்யாண வீடுகளில் தேய்ந்த என் ஐம்பது எம்.எம்.
முகத்தைக் கேமராவுக்குள் புதைத்து
முதுகை வெளியே காட்டி நின்றது.
கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி.
அந்த நிலையில்தான்
கடுகு அதற்குப் பெரிதாகத் தெரிகிறது.

வண்ணார்பேட்டை மாடியில் பகல் வேலைக்கு ஆகாது.
பஸ் போனால் மேசை நடுங்கும்.
மேசை நடுங்கினால்
கல் ஆற்றைத் தாண்டிச் சிந்துபூந்துறைக்கே போய்விடும்.
எனவே நடுராத்திரி.
ஃபேனை நிறுத்தி,
வெண்ணெய்த்தாளுக்குப் பின்னால் இரண்டு பல்பு,
மூச்சையும் கொஞ்சம் நிறுத்தி.

மேல்பட்டை தெளிந்தால் இடுப்பு மங்குகிறது.
இடுப்பு தெளிந்தால் அடிக்கூரைக் காணோம்.
ஒரு தடவைக்குக் கிடைப்பது
நகக்கனம் ஆழம்தான்.
நகர்த்தித் தரும் தண்டவாளம் நாலாயிரமாம், சவத்தை விடு,
என் பெயர் அச்சடித்த விசிட்டிங் கார்டு பன்னிரண்டை அடுக்கி
மேலே கல்லை வைத்து
படத்துக்கு ஒன்றாக உருவினேன்.
'வடிவு போட்டோகிராபி' கார்டுகளுக்கு
அச்சான நாளிலிருந்து இதுதான் முதல் சோலி.
பன்னிரண்டு படத்தையும் கம்ப்யூட்டர்
ஒரே கல்லாகத் தைத்துக் கொடுத்தது.

ஏழாவது கல், நீலம்.
அதன் நடுவில் ஒரு புகைச்சல்.
துணியால் துடைத்தேன்.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
தூரிகையால் தட்டினேன்.
தைக்கும்போதெல்லாம் புகை திரும்ப வந்து உட்கார்ந்தது.
நூற்றைம்பது ரூபாய் புத்தியைக் காட்டுகிறது என்று
மணி ஒன்றரைக்கு ஞானதுரைக்குச் செய்தி போட்டேன்:
அந்த லென்ஸை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

போட்டபிறகுதான்
பல்குத்தும் குச்சியால் கல்லைக் கொஞ்சம் திருப்பத் தோன்றியது.
புகையும் திரும்பியது.
இன்னும் கொஞ்சம்.
அதுவும் கூடவே.

லென்ஸின் அழுக்கு நின்ற இடத்தில் நிற்கும்.
இது கல்லோடு போகிறது.
பெரிதாக்கிப் பார்த்தால்
மூன்று திசையில் ஊசி ஊசியாய்,
யாரும் உள்ளே நுழைந்து கோத்திருக்க முடியாத இழைகள்.

படத்தை அனுப்பி
'கல்லில் குறை இருக்கிறது, மன்னிக்கவும்' என்றும் எழுதினேன்.
சுபுஹு தொழுகை முடிந்த கையோடு போன்.
"துடைச்சியா?"
துடைச்சேன்.
"போகலியா?"
போகல.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் காக்கைச் சத்தம் மட்டும்.
"பட்டு அது, பிள்ளே.
நெருப்புல வச்சிருந்தாக் கரைஞ்சிருக்கும்.
சூடு காணாத கல்லு."
விலை சொல்லவில்லை.
குரலில் ஒரு பூஜ்யம் கூடியிருந்தது.
அந்த ஒரு படத்துக்கு நானூறு கேட்டேன்.
"இருநூறு" என்றார், யோசிக்காமலே.
முன்னூறு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

ஞானதுரை பதில் போட்டிருக்கிறார்:
எடுத்து வைத்திருக்கிறேன், எப்போ வாரே?
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

எட்டாவது கல்லை வைத்தேன்.
ஓரத்தில் ஒரு புகைச்சல்.
நெஞ்சு அடித்துக்கொள்ள
குச்சியால் மெல்லத் திருப்பினேன்.

கல் திரும்பியது.
புகை நின்ற இடத்திலேயே நின்றது.